கொட்டப்போகிற இலை

கறிக்கடை வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனைக் கடையில் எனக்கு முன்னால் நல்ல கூட்டம். கடைக்காரர் பக்கத்தில் தேக்கிலைக் கட்டு. ஒரு இலையை உருவுவார், கறியை அதில் போடுவார், இரண்டு மடிப்பு, மேலே ஒரு நார், முடிந்தது. ஒரு தடவை கட்டுக்குள்ளிருந்து பழுத்த இலை ஒன்று வந்துவிட்டது. முகத்தைச் சுளித்து அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை உருவினார். எல்லாம் பச்சை இலைகள். மரத்திலிருந்து பறித்தவை.

நான் ராஜபாளையத்தில் தாவரவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் ஒரு பாடம் நடந்திருந்தது. மரம் இலையைச் சும்மா உதிர்ப்பதில்லை. உதிர்ப்பதற்கு முன்னால் இலைக்குள் இருக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் முடிந்தமட்டும் காம்பு வழியாகக் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. அடுத்த துளிருக்கு அதுதான் கைமுதல். இலை மஞ்சளாவது நோயல்ல, சத்து ஊர் திரும்புகிற வேலை. இதை நான் பரீட்சைக்கு வரும் என்ற அளவில் மட்டும் மனதில் போட்டு வைத்திருந்தேன். இப்போது கீழே கிடந்த மஞ்சள் இலையையும் கடைக்காரர் கையில் இருந்த பச்சை இலையையும் சேர்த்துப் பார்த்ததும் தலைக்குள் ஏதோ சட்டென்று திறந்துகொண்டது. மஞ்சளாகும் முன்பே பறித்துவிட்டால்?

“என்னம்மா வேணும்?” என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

“சோழபுரம்” என்றேன்.

“சோழபுரத்துக்கு பஸ் அங்கிட்டு நிக்கும். இங்க கறிதான்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அம்மா சொன்ன அளவையே மறந்து ஏதோ ஒன்றைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

சோழபுரம் எங்கள் சொந்த ஊர். அப்பாவின் வேலை காரணமாக நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாலும், லீவு என்றால் எனக்கு அங்கேதான். அங்கே என் பெரியப்பாவின் தேக்குத் தோட்டம் இருக்கிறது. அது இளந்தோட்டமாக, மரங்கள் கன்றுப் பருவத்தைத் தாண்டிக் கொஞ்சம் உயர்ந்து நின்ற காலத்தில், எனக்குப் பன்னிரண்டு வயது.

பெரியப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். துப்பாக்கிக் கதைகளை எதிர்பார்த்து நாங்கள் எல்லோரும் ஏமாந்திருக்கிறோம். அவர் இருந்தது சப்ளைப் பிரிவில். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கம்பளி இவற்றைப் பனிமலைக் காவல் சாவடிகளுக்குக் கொண்டு சேர்க்கிற வேலை. கதை கேட்டால், எந்த மாதத்தில் எந்த ஊர் உருளைக்கிழங்கு அழுகாமல் மேலே போய்ச் சேரும் என்று சொல்லுவார். குழந்தைகளான நாங்கள் மெல்ல நழுவிவிடுவோம்.

ஊருக்கு வந்ததும் பஸ் போகிற ரோட்டை ஒட்டிய தன் பங்கு நிலத்தில், காலங்காலமாகப் பருத்தி போட்ட மண்ணில், தேக்கு நட்டார். ஊரில் இதை யாரும் ரசிக்கவில்லை. பருத்தி என்றால் வருஷத்துக்கு வருஷம் ஏதாவது தெரியும். தேக்கு நட்டவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றார்கள். அதுவும் பெரியப்பா கயிறு பிடித்து, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நேர்கோடு தெரிகிறமாதிரி நட்டிருந்தார். காலையில் அவர் வரிசை வரிசையாக நடந்து பார்ப்பதைக் கண்டு சித்தப்பா ரோட்டில் பைக்கை நிறுத்திக் கத்துவார்: “அண்ணே, ரோல்கால் முடிஞ்சதா? ஒருத்தனும் ஓடிப் போகலையே?”

சித்தப்பா பெரியப்பாவின் கடைசித் தம்பி. வாய்தான் அவருக்குத் தொழில் என்று அம்மா சொல்லுவாள்.

பெரியம்மாவுக்கு மட்டும் அந்தத் தோட்டம் வேடிக்கையல்ல. கல்யாணமான நாளிலிருந்து லீவுக்கு வந்து போகிற புருஷனைத்தான் அவளுக்குத் தெரியும். இப்போதுதான் மனிதர் வீட்டில் இருந்தார். ஆனால் கோயம்புத்தூரில் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கிற பழைய பட்டாளத்து நண்பர் ஒருவர் விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார். பெரியப்பா அவரிடம் சொன்ன பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: மூணு வருஷம் பார்ப்பேன், மரம் பிடித்து நின்றால் நானும் இங்கே நிற்பேன், இல்லையென்றால் கோயம்புத்தூர். ஆக, அந்தத் தேக்கு நிற்குமா நிற்காதா என்பதில்தான் பெரியம்மாவின் வாழ்க்கை இருந்தது. அவள் தண்ணீர் பாய்ச்சும்போது பார்க்க வேண்டும். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற முகம்.

மூன்றாம் வருஷத்துத் தை மாதத்தில் எங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு வந்தது. வெட்டிய கிடாவின் கறியைப் பங்கு போட்டு ஒவ்வொரு பங்காளி வீட்டுக்கும் கட்டிக் கொடுப்பது வழக்கம். பல வருஷமாகப் பிளாஸ்டிக் கவரில்தான் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வருஷம் கவருக்குத் தடை வந்துவிட்டது. பங்காளிகள் கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது சித்தப்பா எழுந்து, “இலை ஏம்பொறுப்பு, போங்க” என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, எங்கே போவது? மலையடிவாரக் காட்டுக்குள் நுழைந்து இலை பறித்தால் கேஸ். வாழையிலை எலும்பு குத்திக் கிழியும். ராஜபாளையம் கறிக்கடைக்காரர்களுக்கும் அதே தடை அதே வாரத்தில் வந்திருந்ததால், சந்தைக்கு வந்த தேக்கிலைக் கட்டெல்லாம் அவர்களுக்கே போதவில்லை. ஒரு நாள் முழுக்க அலைந்த சித்தப்பா சாயங்காலம் பைக்கில் திரும்பி வரும்போது, அண்ணன் தோட்டத்தைப் பார்த்தார். மார்கழி வரைக்கும் மழை பெய்திருந்த வருஷம். மரமெல்லாம் கரும்பச்சையாக, இலை ஒவ்வொன்றும் சுளகு மாதிரி.

பேச்சுவார்த்தை பெரியப்பா வீட்டு முற்றத்தில் நடந்தது. நான் அங்கே இருந்தேன். பெரியப்பா முதலில் முடியாது என்றுதான் சொன்னார். இலை பச்சையாக இருக்கிறதே என்றார்.

“இன்னும் கொஞ்ச நாள்ல தன்னால கொட்டிரும்ணே” என்றார் சித்தப்பா. “போன வருசம் கொட்டல? அதுக்கு முந்தின வருசம் கொட்டல? கொட்டினதக் கூட்டிக் குமிச்சு நீங்கதான தீ வைக்கிறீக? தீக்குக் குடுக்கத சாமிக்குக் குடுங்க.”

 தோட்டத்தில் சருகு கிடந்தால் பெரியப்பாவுக்குப் பிடிக்காது. பரேடு மைதானம் மாதிரி கூட்டி எரித்துவிடுவார். தம்பி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கொட்டப்போகிற இலையை முன்கூட்டியே எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கணக்குப் பாடத்தில் நூறு வாங்குகிற எனக்கும் அது மறுக்கவே முடியாத கணக்காகத்தான் தெரிந்தது. பெரியம்மா மட்டும், “பச்ச இலையப் பறிச்சா மரம் சும்மா இருக்குமாங்க?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். “ஆடு மேஞ்சா மரம் அழுவுதா மைனி?” என்று சித்தப்பா அதையும் அடைத்துவிட்டார்.

பிறகு பெரியப்பா உத்தரவு போட்டார். ரோட்டோர வரிசைகளில் மட்டும் பறிக்க வேண்டும். அங்கேதான் ஆட்டோ வந்து நிற்க வசதி. குருத்தைத் தொடக்கூடாது. கிளை ஒடியக்கூடாது.

கிடா வெட்டுக்கு முந்தின நாள் நாங்கள் பறித்தோம். பெரியவர்கள் தொரட்டியால் இழுக்க, பிள்ளைகள் கீழே அடுக்கினோம். தேக்கிலை உப்புத்தாள் மாதிரி. சாயங்காலத்துக்குள் முழங்கைவரை கீறல். இளசான இலையைக் கசக்கினால் சிவக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மருதாணி வைத்தமாதிரி சிவந்த கையோடு போய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். “குருத்தத் தொட்டியாட்டி?” என்றார். கீழே கிடந்தது என்று சத்தியம் பண்ணினேன். உண்மையிலேயே கீழேதான் கிடந்தது.

கிடா வெட்டு அமர்க்களமாக நடந்தது. பங்கு போடுகிற இடத்தில் பெரியப்பாவே இலைக்கட்டை வைத்துக்கொண்டு நின்று, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தார். ஸ்டோரில் கம்பளி வழங்குகிற தோரணை. “ஒங்க தோட்டத்து இலையா? எம்புட்டு அகலம்!” என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு போனார்கள். தேக்கு நட்டதற்காக அவரை முதன்முதலில் ஊர் பாராட்டியது அன்றைக்குத்தான். அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன்பின் உள்வரிசை மரங்களும் மெல்ல மஞ்சளாகி, மாசியில் கொட்ட ஆரம்பித்தன. பங்குனி முடிவதற்குள் தோட்டம் முழுக்க மொட்டை. மொட்டையில் என்ன வித்தியாசம் தெரியும்? சித்தப்பா சொன்னது சரியாகப் போய்விட்டது.

முழுப்பரீட்சை லீவுக்கு நான் போனபோது துளிர் வந்திருந்தது. உள்ளே நின்ற மரங்கள் யானைக்காது மாதிரி இலை விட்டிருந்தன. ரோட்டோர வரிசைகள் பிந்தித் துளிர்த்து, கையகலத்துக்கு மேல் விரியாமல், வெளிறிப்போய் நின்றன. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைகளை யாரோ வாசலில் நிறுத்தி வைத்தமாதிரி.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பஸ் புகை என்றார் சித்தப்பா. பங்காளிப் பெரியவர் ஒருவர், ரத்தம் பட்ட இலை, மரத்துக்குத் தீட்டு என்றார். பெரியம்மா கண்ணேறு என்று முடிவு கட்டி, ரோட்டோரம் திருஷ்டிப் பூசணிக்காயும் நாக்கைத் தொங்கப்போட்ட பூத முகமும் கட்டினாள். பஸ்ஸின் ஹாரன் சத்தத்தில் மரங்கள் பயந்துவிட்டன என்பது என் கட்சி. பெரியப்பா வேர்ப்பக்கம் தோண்டிக் கரையான் பார்த்தார். இல்லை. மறுபடி தண்ணீர் விட்டார். கொஞ்சம் உரம் வைத்தார். இலை பறித்ததும் இலை சிறுத்ததும் ஒரே வரிசைகளில் என்பது எங்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்றது. ஆனால் கொட்டப்போன இலையைத்தானே எடுத்தோம்? அந்தக் கணக்கு அவ்வளவு சரியாக இருந்ததால் அந்தப் பக்கம் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் பெரியப்பாவும் நானும் ராஜபாளையம் போய் ஒரு மூட்டை பிண்ணாக்கு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். தோட்டத்துக்கு எதிரில்தான் எங்கள் நிறுத்தம். அதற்குப் பெயர் ஒன்றும் கிடையாது. அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் வேடிக்கையான ஆள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தானாக ஒரு பெயர் வைத்திருப்பார். எங்கள் இடம் நெருங்கியதும் படியில் நின்று, “நோஞ்சான் தேக்கெல்லாம் எறங்கு! பூதத்துக்குப் பக்கத்துல எறங்கு!” என்றார்.

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். நிஜமாகவே அது நல்ல பெயராக இருந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து பார்த்தால் பெரியப்பா எழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். விசில் அடித்து பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் திரும்பி நடந்தார். ஏன் பெரியப்பா என்று கேட்டதற்கு, “செத்த நடந்தா நல்லதுதான்” என்றார்.

ஆடி பிறந்ததும் அவர் கோயம்புத்தூர் கிளம்பினார். பெரியம்மா சண்டை போட்டாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், பிறகு முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். சித்தப்பா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரைக்கும் நானும் போனேன். அன்றைக்கு லேசான சாரல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூத முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நோஞ்சான் வரிசைகள். அவற்றுக்கும் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் நல்ல மரங்கள், கரும்பச்சையாக.

“உள்ள நிக்கிற மரமெல்லாம் நல்லாத்தான இருக்கு பெரியப்பா?” என்று கேட்டேன்.

“ஆமா. நல்லாத்தான் இருக்கு” என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

ஆமாம் என்று ஒத்துக்கொண்ட மனிதர் எதற்காகப் பஸ் ஏறினார் என்பது எனக்குப் புரியவே இல்லை. தோட்டத்தில் முக்கால்வாசி நன்றாக இருக்கிறது. மரம் பிடித்து நின்றால் நானும் நிற்பேன் என்று சொன்னவர் அவர்தான். மரம் நின்றுவிட்டதே! பெரியவர்களுக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த வருஷம் யாரும் இலையைத் தொடவில்லை. எரிக்கவும் ஆளில்லாததால் சருகு அங்கேயே கிடந்து மக்கியது. வெளிவரிசைகள் கொஞ்சம் தேறின. அதற்கடுத்த வருஷம் உள்ளே எது வெளியே எது என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. பெரியம்மா போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். பெரியப்பா கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினார். அவ்வளவுதான். அதற்குள் அவர் அங்கே சூப்பர்வைசர் ஆகியிருந்தார். இப்போதும் தீபாவளிக்கும் தைக்கும் வருகிறார். லீவுக்கு வருகிற புருஷனாகவே.

கறியை அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் பண்ணிய முதல் வேலை அவருக்குப் போன் போட்டதுதான். பின்னால் கார் ஹாரன், யாரையோ வண்டியை எடுக்கச் சொல்லி அவர் அதட்டுவது எல்லாம் கேட்டது. நான் மூச்சுவிடாமல் சொன்னேன். இலை கொட்டுவதற்கு முன் என்ன நடக்கிறது, சின்ன மரத்துக்கு வேர் இன்னும் ஆழமாகப் பரவாததால் அந்தக் கையிருப்பு எவ்வளவு முக்கியம், நாம் பறித்தது எந்த வாரம், எல்லாவற்றையும்.  

“ஏட்டி” என்றார். “பனி விழுறதுக்கு முன்னாடி மேல இருக்க போஸ்ட காலி பண்ணுவோம். முதல்ல சாமான எறக்குவோம். டப்பா, கம்பளி, மண்ணெண்ணெய், ஒண்ணு விடாம. பொறவுதான் கூடாரத்தக் கழட்டுவோம். அதுதான் என் வேலையே.”

“அதேதான் பெரியப்பா!”

“சாமானு உள்ள இருக்கும்போதே கூடாரத்தப் பிடுங்கிட்டம்னு சொல்லு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார்.  பிறகு, “உங்க சித்தப்பன்கிட்ட நீ சொல்லாத. நா சொல்லுதேன். இம்புட்டு வருசமா அவன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கான்” என்றார்.

ஆனால் ஒரு தோட்டத்தில் ஒரு வருஷம் நடந்ததை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. எங்கள் பேராசிரியை முதல் கேள்வியிலேயே என்னை உட்கார வைத்துவிடுவார். பஸ் புகையாக இல்லை என்று எப்படித் தெரியும்? ரோட்டோரத்து மண் வேறாக இருந்தால்? ஆகவே மறுபடி செய்து பார்க்க வேண்டும், சின்ன மரங்களில். அதற்கும் இடம் இருக்கிறது. பெரியப்பா போனபின் பெரியம்மா சும்மா இருக்கவில்லை. ரோட்டுக்கு மறுபக்கத்துத் துண்டு நிலத்தில் அவளே ஆள் வைத்துத் தேக்கு நட்டிருக்கிறாள். நட்டு இது மூன்றாவது வருஷம். பெரியப்பாவிடம் அதையும் சொன்னேன். அவர் உடனே ஆர்வமாகி, தைக்கு லீவு போட்டு வருகிறேன், நானே நின்று பறிக்கிறேன் என்றார். போனை வைக்கும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்.

“ரோட்டோரம் வேண்டாம்ட்டி. உள்ள பண்ணு.”

போன் அணைந்தபிறகும் அதைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். உள்ளே இருந்த நல்ல மரங்களை எங்கள் ஆட்கள் மட்டும்தான் பார்த்தார்கள். ஊர் பார்த்ததும், பஸ் சிரித்ததும் ரோட்டிலிருந்து தெரிகிற வரிசைகளைத்தான். ஒரு மனிதரை ஊரைவிட்டு அனுப்ப அந்தச் சில வரிசைகளே போதும் என்பது பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. கணக்கில் நூறு வாங்கிய பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

அதனால்தான் அவர் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்கப்போவதில்லை. ரோட்டோர வரிசையில்தான் செய்யப்போகிறேன். ஒரே மண், ஒரே புகை, ஒரே ஹாரன். ஒரு மரத்தில் பச்சையாகப் பறிப்பது, அடுத்த மரத்தை அதன்பாட்டுக்கு மஞ்சளாகிக் கொட்ட விடுவது, அதற்கடுத்ததில் மறுபடி பறிப்பது. வைகாசியில் துளிர்க்கும்போது சின்ன இலை, பெரிய இலை, சின்ன இலை என்று மாறிமாறி நிற்க வேண்டும். நின்றால் பஸ்ஸில் போகிற எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும். ஏன் என்று கேட்கட்டும். நிற்காவிட்டால் நான் சொன்னது தப்பு, அதையும் அவர்களே பார்க்கட்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் தாண்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நேற்று போனில் பெரியம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். “இலையில கைய வச்சே, ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்” என்றாள். மரத்தையா கையையா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நேரிலேயே போகிறேன். பெரியப்பா லீவு போட்டு வருவார், அதுவும் இலை கொட்டி முடிகிறவரைக்கும் கூடவே இருந்து பார்க்க வேண்டிய வேலை இது, என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.